நித்திரையும் பழக்கமும்



நித்திரை வராத இரவின் துன்பத்தைச் சென்ற பரீட்சைக் காலத்தில் யானும் அறிந்தேன். அதற்குக் குளிசை ஒன்றே மருந்தென எண்ணுவோர் பலர். 1999ஆம் ஆண்டில், கனடிய உளவியலறிஞர் சாள்ஸ் மொறின் முதலியோர், நித்திரையின்றி வருந்திய முதியோர் 78 பேரிடம் செய்த ஆய்வை வெளியிட்டனர். குளிசையும் பயன் தந்தது; ஆனால், ஈராண்டின் பின்னும் நிலைத்து நின்றது, எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்திப் பெற்ற நன்மையே.

விழித்துக் கிடந்து கிடந்து, படுக்கையே விழிப்புக்கு இடமாகிவிடுகிறது. ஆகவே, நித்திரை வரும்போது மாத்திரம் படுத்தல், வராவிடின் எழுந்துவிடுதல், நாள்தோறும் ஒரே நேரத்தில் விழித்தெழுதல், உறங்காவிடின் மறுநாளே பாழ் என்னும் அச்சத்தை ஆராய்ந்து நீக்குதல் ஆகியன வழிகளாம்.

முதற் சில வாரங்கள் கடினமே. குளிசை உண்போர் வைத்தியரைக் கேளாது நிறுத்தலாகாது. குளிசை தீர்ந்துபோம், கற்ற பழக்கம் கூடவே வரும்.