மூளைக்குள்ள ஒரு தழும்பு

இன்னிக்கு எபிசோட் ஒரே ஒரு வார்த்தையைப் பத்தி: கிளியோசிஸ்.

போன வருஷம் அப்பா பைக்கில் இருந்து விழுந்துட்டார். தலையில் அடி. ஆறு மாசம் கழிச்சு எடுத்த எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் இந்த வார்த்தை இருந்தது. டாக்டர் அப்பாயின்ட்மென்ட் மறுநாள்தான். ராத்திரி ஒரு மணிக்கு போனில் தேடினேன். 'அடிபட்ட இடத்தில் செல்கள் பெருகும்'னு போட்டிருந்தது. பக்கத்திலேயே இன்னொரு வார்த்தை, கிளியோமா. அது மூளைக் கட்டி. எனக்குக் கை நடுங்கிடுச்சு. அம்மாகிட்ட சொல்லவே இல்லை.

அந்த ராத்திரி எனக்குத் தெரியாததை இப்போ சொல்றேன். மூளையில் நியூரான்களுக்குத் துணையா கிளியா செல்கள் இருக்கு. கிரேக்க மொழியில் கிளியான்னா பசை. 19-ஆம் நூற்றாண்டில் ருடால்ஃப் விர்ஷோ வச்ச பேர். அதில் நட்சத்திர வடிவத்தில் இருப்பதுதான் ஆஸ்ட்ரோசைட்.

வளர்ந்த மூளையில் ஆஸ்ட்ரோசைட் பிரிவது ரொம்ப அபூர்வம். ஆனா அடிபட்டா அது பருத்துடும். சில செல்கள் திரும்பப் பிரியவும் ஆரம்பிக்கும். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், உயிருள்ள எலியின் மூளையில் இதை நேரடியாவே பார்த்தாங்க. பிரிஞ்சது கொஞ்சம் செல்கள்தான், அதுவும் முக்கியமா ரத்தக் குழாயை ஒட்டி இருந்தவை. பெரிய காயம்னா, இந்தச் செல்கள் சேர்ந்து அதைச் சுத்தி ஒரு வேலி கட்டும். நம்ம பாஷையில் ஃபயர்வால்.

நரம்பு இழை மறுபடி வளர விடாத வில்லன்னுதான் இந்த வேலியை ரொம்ப நாள் சொன்னாங்க. ஆனா தண்டுவடத்தில் அடிபட்ட எலிகளில், பிரியும் ஆஸ்ட்ரோசைட்டுகளை அழிச்சுப் பார்த்தப்போ நிலைமை இன்னும் மோசமாச்சு. அழற்சி பரவி, காயம் பெருசாச்சு. 2016-ல் வந்த இன்னொரு எலி ஆய்வில், தழும்பை எடுத்த பிறகும் இழைகள் வளரலை.

அப்போ கிளியோமாவுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டிலும் லூப் ஓடுது. கிளியோசிஸ் லூப்பில் பிரேக் கண்டிஷன் இருக்கு. வேலை முடிஞ்சா பிரிவது அடங்கிடும். கிளியோமாவில் மரபணுக் கோளாறால அந்த பிரேக் வேலை செய்யாது.

மறுநாள் டாக்டர் ரெண்டே நிமிஷத்தில் முடிச்சார்: "இது பழைய காயத்தோட தழும்புங்க. வலிப்பு ஏதாவது வந்துச்சா?" அது முக்கியமான கேள்வி. சிலருக்கு இந்த மாதிரித் தழும்பு இருக்கிற இடத்தில் இருந்து வலிப்பு கிளம்பலாம். அதனால ரிப்போர்ட்டில் இந்த வார்த்தை இருந்தா அலட்சியமும் வேண்டாம், ராத்திரி ஒரு மணி கூகுளும் வேண்டாம். டாக்டர்கிட்டயே கேளுங்க.

வெளியே வந்ததும் அப்பா நெத்தித் தழும்பைத் தடவிக்கிட்டே சொன்னார்: "வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணு. கணக்கு சரியாப் போச்சு." அப்புறம்தான் அம்மாவுக்கு போன் பண்ணினேன்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். ஹெல்மெட் போடுங்க மக்களே!