பெருங்குடற் புற்றுநோயும் தசையின் கணக்கும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நோயினின்றும் எழுந்த ஒருவரைக் கண்டால், "உடம்பு பூசினாற்போல் தேறிவிட்டது" என்று மகிழ்கின்றோம். இளைத்திருந்தால், "எலும்பும் தோலுமாகிவிட்டார்" என்று வருந்துகின்றோம். நமது கண்ணும் தராசும் அறிவது இவ்வளவே. பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோயில் இவையிரண்டும் நம்மை ஏமாற்றக்கூடும் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

தேகத்தின் எடையாவது தசை, கொழுப்பு, எலும்பு, நீர் யாவும் கூடிய தொகை. தசையில் 5 கிலோ கரைந்து கொழுப்பில் 5 கிலோ கூடினால் தராசின் முள் அசைவதில்லை. தசை குன்றிய நிலைக்கு 1989-ஆம் ஆண்டில் இர்வின் ரோசன்பர்க் என்னும் அமெரிக்க அறிஞர், சதையையும் வறுமையையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களைக் கூட்டிச் 'சார்கோபீனியா' என்று பெயரிட்டார். தசைவறுமை என நாம் சொல்லலாம்.

இதனை அளக்கும் வழி எளிது. நோய் எவ்வளவு பரவியுள்ளதென்றறிய எப்படியும் ஸி.டி. படம் எடுக்கின்றனர். அதில் இடுப்பின் மூன்றாம் முள்ளெலும்புக்கு நேரான குறுக்குத் தோற்றத்தில் தசை எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று கணித்து, மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். புதிய படமும் வேண்டா. புதிய செலவும் பெரிதன்று. ஆயினும் நோயாளியின் கையில் தரும் அறிக்கையில் கட்டியின் அளவு இருக்கும். இவ்வெண் பெரும்பாலும் இராது!

கனடா தேசத்து ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஜீரண உறுப்புகளிலும் சுவாச உறுப்புகளிலும் புற்றுநோய் கொண்டோரை ஆராய்ந்து, 2008-இல் கார்லா பிராடோ முதலியோர் முடிவு வெளியிட்டனர். மிகப் பருத்தவருள் படம் கிடைத்த 250 பேரைச் சோதிக்க, 38 பேருக்குக் கொழுப்பின் அடியில் தசைவறுமை மறைந்திருந்தது. ஏனைய பருத்தவர்களைவிட அவர்களுக்கு மரண அபாயம் 4 மடங்கிற்கு மேல். அமெரிக்க ஐக்கிய நாட்டில், தொலை உறுப்புகளுக்குப் பரவாத பெருங்குடல், மலக்குடற் புற்றுநோய் கொண்ட 3,262 பேரை ஆராய்ந்து 2017-இல் வெளியான முடிவோ இன்னும் நேரானது: நூற்றுக்கு 42 பேர் தசை குறைந்தவர், அவர்களுக்கு மரண அபாயம் நூற்றுக்கு 27 பங்கு மிகுதி.

தசை குறைந்ததால் மாண்டனரா, நோய் கொடிதானதால் தசை குறைந்ததா என்று வினவலாம். நோயினால் எழும் அழற்சி தசையை அழிப்பது மெய்யே. ஆனால் மருந்தின் அளவையும் நோக்குக. கீமோதெரபி மருந்தை உயரமும் எடையும் கொண்டு அளந்து கொடுப்பது நெடுநாளைய வழக்கம். ஒரே உயரமும் எடையும் உடைய இருவருக்கு ஒரே அளவு மருந்து செல்கின்றது. தசை குறைந்தவருக்கு அது மிகையாகி, வாய்ப்புண், பேதி, இரத்த அணுக்குறைவு ஆகியவற்றை விளைக்கலாம். அதனால் சிகிச்சை தாமதமாகும், அல்லது இடையில் நின்றுபோகும்.

இவ்விஷயத்தில் நம் தேசத்தார் விசேஷமாக எச்சரிக்கையுடனிருத்தல் வேண்டும். புனே நகரத்து டாக்டர் யாஜ்னிக்கும் இலண்டன் டாக்டர் யூட்கினும் தம்மையே அளந்து 2004-இல் படத்துடன் வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடையின் எண் இருவருக்கும் 22.3, கொழுப்போ யூட்கினுக்கு நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்குக்கு 21.2. நம்மில் ஒல்லியென்று பெயர் வாங்கியவரை யாம் இதன்பின் அப்பெயரால் அழைப்பதில்லை.

இனி நம் வீடுகளின் வழக்கத்தைச் சொல்லாமலிருப்பதற்கில்லை. வயிற்றில் ரணசிகிச்சை நடந்தவரைக் கட்டிலைவிட்டு இறங்கவொட்டாது, மாதக்கணக்கில் நொய்க்கஞ்சியும் இளநீரும் கொடுத்துக் காப்பது அன்பென்று எண்ணுகின்றோம். அசைவின்மையும் புரதமின்மையும் சேர்ந்தால் தசை விரைந்து கரையும். எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 கிராமுக்குக் குறையாமலும், இயன்றால் 1.5 கிராம் வரையிலும் புரதம் வேண்டுமென்று ஐரோப்பாவின் போஷணைச் சங்கத்தார் விதித்துள்ளனர். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 60 முதல் 90 கிராம். பருப்பு, தயிர், முட்டை, மீன் இவையின்றி வெறுங்கஞ்சியில் அது கிட்டாது. மூத்திரப்பிணி, அதாவது சிறுநீரகக் கோளாறு உடையோர் மாத்திரம் வைத்தியரைக் கேட்டே உண்ணவேண்டும்.

நடமாட்டத்தின் பலனை 2025-இல் வெளியான 'சாலஞ்ச்' என்னும் பரீக்ஷை காட்டிற்று. பெருங்குடற் புற்றுநோய்க்கு ரணசிகிச்சையும் கீமோதெரபியும் முடிந்த 889 பேரில், ஒரு பகுதியார்க்கு 3 ஆண்டுகள் பயிற்றுநர் துணையுடன் தேகப்பயிற்சி. மற்றவர்க்கு அறிவுரைப் புத்தகம் மட்டும். 8 ஆண்டுகளில் உயிருடனிருந்தோர் முன்னவரில் நூற்றுக்கு 90.3, பின்னவரில் 83.2. பயிற்சியால் தசைவலியும் மூட்டுநோவும் சிலர்க்கு மிகுந்ததுண்டு. இரு சாராரின் எடையிலும் குறிப்பிடத்தக்க பேதமில்லை என்பதையும் கவனிக்க! தராசை மட்டும் பார்த்திருந்தால் ஒன்றும் நிகழவில்லையென்றே சொல்லியிருப்போம்.

ஸி.டி. கணக்குக் கிடைக்காதவர் வீட்டிலேயே செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. கைகளை மார்பிற் கட்டி, நாற்காலியினின்றும் ஐந்து முறை எழுந்து உட்காரவேண்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் தசைவறுமை இருக்கலாமென்று ஆசிய நிபுணர்கள் 2019-இல் வரையறுத்தனர். ரணசிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதே இதனை வைத்தியரிடம் கூறி, படத்திலுள்ள தசையின் அளவையும் கேட்கலாம். வயிற்றில் ஸ்டோமா அமைக்கப்பெற்றோர் பாரம் தூக்கும் பயிற்சியை அவர் உத்தரவின்றித் தொடங்கலாகாது.