உப்புக் காற்றும் ஓசையடங்கிய கணினியும்

சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், புத்தளம் வழியாகக் கற்பிட்டி வரை நீளும் கரையோரத்திலே மாலை வேளை என்பது காற்றின் வேளையாகும். சோழகம் வீசும் மாதங்களில் தென்னோலைகளின் சலசலப்பும் கடலின் இரைச்சலும் எட்டாத வீட்டைக் காண்பது அங்கு அரிது. அவ்வோசைகள் அம்மக்களின் செவிக்குப் பிறந்த நாள் தொட்டுப் பழகியவை. அவற்றின் நடுவே பேசவும் பாடவும் உறங்கவும் அவர்கள் அறிவர். ஆனால் வீட்டின் உள்ளே, தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே, ஒரு கணினி ஓயாது எழுப்பும் முனகல் வேறு வகையானது. அது அலையைப் போல எழுந்து அடங்குவதில்லை. ஒரே சுருதியில் நின்று, மெல்லிய குரல்களை எல்லாம் விழுங்கிவிடுகின்றது.

உடப்புக் கரையிலே கரைவலைத் தொழிலை நம்பி வாழும் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். வலையிழுக்கும் வேளையில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றையோர் சேர்ந்து பாடும் அம்பாப் பாடல்களை அறிந்த முதியவர் ஒருவர் அவ்வீட்டில் இருக்கின்றார். தொழிலை விட்டு வீட்டோடிருக்கும் அவருடைய பாட்டைப் பேரப்பிள்ளை கைத்தொலைபேசியிலே பதிவு செய்து வைத்திருக்கின்றான். அதனைக் குடும்பம் முழுவதும் கூடியிருந்து பெரிய திரையிலே காண வேண்டும், கேட்க வேண்டும் என்பது ஆசை. வெளிநாட்டில் உழைக்கும் மகள் அனுப்பிய பணமும் கையில் இருக்கின்றது. பட்டினத்துக் கடையிலே பளபளக்கும் பெரிய கணினியை வாங்குவதா, அன்றி வேறு வழி உண்டா என்பதே வினா. தவறான பொருளை வாங்கிவிட்டால் இன்னொன்றை வாங்க அவ்வீட்டில் பணம் இராது.

வீட்டுத் திரையரங்குக் கணினி என்பது புதுமையான பொருளன்று. சாதாரணக் கணினியைத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து, அதில் சேர்த்து வைத்த திரைப்படம், பாட்டு, பள்ளிப் பாடம், திருமணப் பதிவு ஆகியவற்றை வீட்டார் வேண்டியபோது காணச் செய்வதே அதன் தொழில். இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979 ஆம் ஆண்டிலே தொடங்கிற்று; 1982 இல் ரூபவாஹினி வந்தது. அந்நாள்களில் நிலையத்தார் காட்டியதைக் காட்டிய நேரத்திலேயே காண வேண்டியிருந்தது. இக்கணினியோ வீட்டையே ஒரு சிறு நிலையமாக்கி விடுகின்றது.

அதனைத் தம் கையாலேயே அமைக்கலாம் என்றால் சிலர் அஞ்சுவர். இந்நாட்டில் வானொலியே அவ்வாறு பிறந்ததுதான். 1920களில், தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளரான எட்வர்ட் ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு ஒலிபரப்பியை அமைத்தார் என்று கூறுவர். 1925 ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பிலிருந்து முறையான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. பயன்பட்டு ஒதுக்கப்பட்ட பாகங்களிலிருந்து பயனுள்ள பொறியை ஆக்குவது இந்நாட்டுக்கு அன்றே கைவந்த கலை.

இனி, ஓசை எங்கிருந்து பிறக்கின்றது என்பதைப் பார்க்க வேண்டும். கணினி உட்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. எண்பது வாட் மின்சாரத்தை உண்ணும் பெட்டி, எண்பது வாட் வெப்பத்தை அறைக்குள் விடுகின்றது. அவ்வெப்பம் உள்ளே தேங்கினால் பாகங்கள் கெடும்; ஆதலால் விசிறி வைத்து வெளியேற்றுகின்றனர். விசிறியே ஓசையின் தாய். ஆகவே ஓசையை அடக்க விரும்புவோர் விசிறியோடு போராடுவது வீண். வெப்பத்தையே குறைக்க வேண்டும். வெப்பம் குறைந்தால் விசிறிக்கு வேலை குறையும். மிகக் குறைந்தால் விசிறியே வேண்டியதில்லை.

இதனைப் புத்தளத்து உப்பளங்களே விளக்கிக் காட்டும். உப்பு விளைப்போர் ஆழமான கிணற்றில் கடல் நீரைத் தேக்குவதில்லை. அகன்ற, ஆழமற்ற பாத்திகளிலே பரப்பி விடுகின்றனர். பரப்பு மிகுந்திருப்பதால் வெயிலும் காற்றும் ஆரவாரமின்றித் தம் வேலையைச் செய்து நீரைக் கொண்டுபோகின்றன. கணினியின் செயலி மீது பொருத்தப்படும் அலுமினியத் தகட்டு அடுக்கும் இதே நியதியைக் கொண்டது. ஒரு விரல்நகம் அளவேயான இடத்திற் பிறக்கும் வெப்பம் பல தகடுகளிலே பரந்து, காற்றோடு கலந்து போகின்றது. தகட்டின் பரப்பு எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்கு விசிறியின் தேவை சிறிதாகும். சில சிறு கணினிகளில் வெளிப் பெட்டியே வரிவரியான உலோகத் தகடாக அமைந்திருக்கும்; அவற்றில் விசிறி என்பதே இராது.

விசிறி வேண்டியே தீரும் என்றால், பெரிய விசிறியை மெதுவாகச் சுழல விடுவதே அறிவுடைமை. சுழலும் வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் காற்றும் பாதியாகும். ஆனால் ஓசையோ ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். செவிக்கு அது முன்பிருந்ததின் மூன்றிலொரு பங்காகவே தோன்றும். 80 மில்லிமீற்றர் விசிறியைக் காட்டிலும் 120 மில்லிமீற்றர் விசிறி இரண்டேகால் மடங்கு பரப்பைத் துழாவுகின்றது. ஆகவே மெல்லச் சுழன்றாலும் போதிய காற்றைத் தரும்.

வெப்பத்தைக் குறைக்கும் வழி செயலியைத் தேர்ந்தெடுப்பதில் உள்ளது. விலை கூடியதே நல்லது என்னும் எண்ணம் இங்கே பொருந்தாது. திரைப்படக் கோப்புகள் சுருக்கி மடித்து வைக்கப்பட்டவை. அவற்றை நொடிக்கு நொடி விரித்துக் காட்ட வேண்டும். இச்சுருக்கத்துக்குப் பல முறைகள் உண்டு. 2003 இல் எச்.264, 2013 இல் எச்.265, 2018 இல் ஏவி1 எனப் படிப்படியாக வந்தன. ஒரு முறையை விரிப்பதற்கென்றே தனிச் சுற்று செயலியில் இருந்தால், வேலை சுலபமாய் முடியும், செயலி குளிர்ந்திருக்கும். அச்சுற்று இல்லையேல், செயலி முழு வலிமையையும் செலுத்தித் திணறும், விசிறி அலறும். ஆதலின் வாங்குவோர் கேட்க வேண்டிய முதற் கேள்வி, எவ்வளவு வேகம் என்பதன்று. எந்த முறைகளை விரிக்கும் தனிச் சுற்று இதில் உண்டு என்பதே.

சிக்கனத்துக்கு இரு வழிகள் உள்ளன. 2012 ஆம் ஆண்டு பிரித்தானியாவிலிருந்து 35 டொலர் விலையிலே வெளிவந்த ராஸ்பெரி பை போன்ற கையகலப் பலகைகள் ஒரு வழி. 2019 இல் வந்த அதன் நான்காம் வகை, எச்.265 முறையையும் தனிச் சுற்றால் விரிக்க வல்லது. மற்றொரு வழி, அலுவலகங்கள் கழித்துவிடும் சிறு கணினிகளை வாங்குவது. புத்தகம் ஒன்றின் பருமனே உள்ள இப்பெட்டிகளுக்கு மின்வழங்கி உள்ளே இல்லை. மடிக்கணினிக்கு இருப்பது போல வெளியே கிடக்கும். அதனால் ஒரு விசிறி குறைகின்றது. இன்டெல் நிறுவனத்தின் ஏழாம் தலைமுறைச் செயலி கொண்டவை எச்.265 முறையை நன்கு கையாளும். விண்டோஸ் 11 இத்தலைமுறையைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவோ 2025 ஒக்டோபர் 14 இல் நின்றுவிட்டது. அலுவலகத்துக்கு ஆகாதவை என்று ஒதுக்கப்படும் அப்பெட்டிகள் வீட்டுக்கு நன்கு ஆகும். லினக்ஸ் அமைப்பையும் கோடி என்னும் மென்பொருளையும் விலையின்றிப் பெற்று நிறுவிக்கொள்ளலாம்.

பழைய பெட்டியை வாங்குவோர் பணம் கொடுக்குமுன் அமைதியான அறையொன்றிலே அதனை இயக்கி, ஒரு படத்தைப் பத்து நிமிடமாவது ஓடவிட்டுச் செவி கொடுத்துக் கேட்க வேண்டும். கடைவீதி இரைச்சலில் எப்பெட்டியும் ஊமையாகவே தோன்றும். வீட்டுக்குக் கொண்டுவந்தபின், செயலிக்கும் தகட்டுக்கும் இடையே காய்ந்து போயிருக்கும் பழைய வெப்பப் பசையைத் துடைத்தெடுத்துப் புதிய பசையை ஒரு பட்டாணி அளவு இட வேண்டும். இச்சிறு வேலையாலேயே விசிறியின் வேகம் தணிவதுண்டு. சுழலும் வன்தட்டை அகற்றி, அசையும் பாகமற்ற எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்துவது அடுத்த வேலை. பெரிய வன்தட்டு வேண்டுமாயின் அதனைத் தொலைவில் வைத்து, அடியில் இறப்பர் துண்டுகளை இடல் வேண்டும். வெறும் மரப்பேழை மீது வைத்தால், வீணையின் குடம் நரம்பின் ஓசையைப் பெருக்குவது போல, அப்பேழை வன்தட்டின் அதிர்வைப் பெருக்கிவிடும்.

இவையெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்துவன. கடலோரத்துக்கென்று தனியே ஒரு பகை உண்டு; அது உப்பு. அலைகள் உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றோடு கலந்து வீடுகளுக்குள்ளும் புகுகின்றன. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ நூற்றுக்கு 75ஐத் தாண்டும்போது உப்பு நீரை ஈர்த்துத் தானே கரைந்துவிடும். சமையலறை உப்புச் சாடி மழைநாளிலே கசிவதைக் காணாதவர் இல்லை. கணினிப் பலகையிலே படிந்த உப்பும் இவ்வாறே இரவில் உவர்நீராகி, செப்புக் கம்பிகளை அரித்து, மின்சாரம் செல்லக்கூடாத இடத்திலே செல்ல வழிவிடுகின்றது. பெரிய விசிறிகள் பல பூட்டிய பெட்டி, நாள் முழுவதும் அவ்வுப்புக் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். குளிர்விக்கவென்று வைத்த விசிறியே கூற்றமாகின்றது.

அங்ஙனமாயின் பெட்டியை மூடிக் கட்டிவிடலாமே என்பது தவறு. வெப்பம் போக வழியின்றி அது வேறு விதமாய் அழியும். கண்ணாடி அலுமாரிக்குள் அடைத்து வைப்பதும் அத்தகைய பிழையே. சரியான வழி, வெப்பத்தையே சிறிதளவாக்கி, காற்றின் தேவையைக் குறைப்பது. கடலை நோக்கிய சாளரத்துக்கு அப்பால், உட்சுவர் ஓரத்திலே, சுற்றிலும் இடம் விட்டுப் பெட்டியை வைக்க வேண்டும். நாள்தோறும் சிறிது நேரமாவது அதனை இயக்குதல் நன்று. இளஞ்சூட்டிலே பலகையின் ஈரம் உலர்ந்துவிடும். மாதம் ஒருமுறை மின்னிணைப்பை நீக்கி, உலர்ந்த மென்தூரிகையால் தூசு தட்டுதல் போதும். ஆகவே புத்தளக் கரையோரத்திலே ஓசையடக்கம் என்பது செவிக்கு இன்பம் தருவது மட்டுமன்று. பொறியின் ஆயுளும் அதனுள் அடங்கியிருக்கின்றது.

மின்சாரக் கணக்கும் இதனையே சொல்லும். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் ஓடும் 80 வாட் பெட்டி, முப்பது நாளில் 9.6 அலகு மின்சாரத்தைக் கொள்ளும். 10 வாட் பெட்டி 1.2 அலகையே கொள்ளும். நுகர்வு கூடக்கூட ஓர் அலகின் விலையும் படியேறும் இந்நாட்டிலே இவ்வேறுபாடு சிறிதன்று. 900 மெகாவாட் வலுக்கொண்ட நுரைச்சோலை அனல்மின் நிலையம் இம்மாவட்டத்துக் கரையிலேயே நிற்கின்றது; ஆயினும் 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் நாட்டிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியதை எவரும் மறந்திரார். 12 வோல்ட்டிலே இயங்கும் சிறு கணினிகள் பல உள்ளன. மின்னழுத்தத்தைச் சீராக்கும் கருவியொன்றை இடையில் வைத்தால் மின்கலத்தைக் கொண்டும் அவற்றை இயக்கலாம். பெரிய பெட்டிக்கு இது இலகுவில் இயலாது.

மீண்டும் அந்த உடப்பு வீட்டுக்கு வருவோம். மகள் அனுப்பிய பணத்தின் ஒரு பகுதியிலே பழைய சிறு பெட்டியொன்று வாங்கப்பட்டிருக்கின்றது என்று கொள்க. மிகுதிப் பணத்திலே ஒரு சோடி நல்ல ஒலிபெருக்கிகள் வந்திருக்கின்றன. பேரப்பிள்ளை பசையிட்டு, எஸ்.எஸ்.டி. பொருத்தி, உட்சுவர் ஓரத்திலே அதனை வைத்திருக்கின்றான். பகலில் அவனுடைய பாடங்கள் அதிலே ஓடுகின்றன. இரவில் குடும்பம் கூடுகின்றது. முதியவருக்குச் செவி மந்தம், செவிக்கருவி அணிந்திருக்கின்றார். அக்கருவி பேச்சைப் பெருக்குவது போலவே அருகிலுள்ள முனகலையும் பெருக்குவது. இப்போது பெருக்குவதற்கு முனகல் இல்லை. திரையிலே அவருடைய பாட்டு எழுகின்றது. அடியெடுத்துக் கொடுப்பதற்கு முன் அவர் மூச்சை உள்வாங்கும் சிறு ஓசை கூடக் கேட்கின்றது. அதுவே, வலையிழுப்போர் அனைவரும் கயிற்றை இறுகப் பற்ற வேண்டும் என்பதற்கு அக்காலத்தில் அடையாளமாய் இருந்தது என்று அவர் பிள்ளைகளுக்குச் சொல்கின்றார்.

மூச்சின் ஓசை கேட்க வேண்டுமாயின் பொறியின் ஓசை அடங்க வேண்டும். வானொலிக்குச் செவி கொடுத்துப் பழகியோர் இதனை நன்கு அறிவர். அதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. வெப்பத்தின் கணக்கும் உப்பின் இயல்பும் அறிந்து, பொறுமையோடு தெரிந்தெடுத்தாற் போதும்.