வீடு மாறும் வேளையில் வந்த துக்கம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவும், கட்டட நிதியும், மையவாடிச் சுற்றுச் சுவரும் பேசப்படுவது வழக்கம். இன்று அவற்றுக்கிடையே ஒரு குடும்பச் செய்தியைச் சொல்ல அனுமதி கேட்டோம். நிர்வாகத்தார் அன்புடன் இசைந்தார்கள். இது எங்கள் வீட்டில் நடந்த ஒரு தவறு. நாளை வேறொரு வீட்டில் அது நடவாதிருக்க வேண்டும் என்பதற்காகவே சொல்லுகிறோம்.

எங்கள் வீட்டில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன்பு, குற்றாலத்தில் சாரல் தொடங்கிய ஆனி மாதத்தில், எங்கள் தந்தையார் வஃபாத்தானார்கள். சீசன் காலத்தில் அருவிக்குப் போகும் பாதையில் பழக்கடை வைத்துப் பிழைத்தவர்கள். மங்குஸ்தானையும் ரம்புட்டானையும் நிறுத்துக் கொடுத்த கையால், ஒவ்வொரு நாளும் எங்கள் இளைய மகனின் கையைப் பிடித்துக்கொண்டு சுபுஹுத் தொழுகைக்குப் போவார்கள். அவனுக்கு அப்போது ஏழு வயது.

நாங்கள் குடியிருந்தது ஒத்தி வீடு. ஒத்திக் கெடு ஆடி மாதத்தோடு முடிவதாயிருந்தது. தென்காசியில் வேறு வீடும் பார்த்து வைத்திருந்தோம். தந்தையார் இருந்தபோதே முடிவான காரியம் என்பதால், அவர்கள் மறைந்த பின்னும் நாளை மாற்ற வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஒன்றரை மாதத்தில் சாமான்களை ஏற்றினோம். பாத்திரங்களை எண்ணினோம், பீரோவைத் துணி சுற்றிக் கட்டினோம், பத்தமடைப் பாய்கள் சாரலில் நனையாமல் தார்ப்பாய் போட்டோம். இத்தாவில் இருந்த எங்கள் தாயாரிடம், “உங்களுக்குச் சம்மதமா?” என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

தந்தையாரின் நார்க்கட்டில் புதிய வீட்டில் கொள்ளாது என்று பழைய சாமான் வாங்குபவரிடம் கொடுத்துவிட்டோம். அந்தத் தள்ளுவண்டியின் பின்னால் எங்கள் மகன் தெரு முனைவரை ஓடினான். “வாப்பா, அதைக் கொடுக்காதீங்க” என்று அவன் அழுதபோது, “சும்மா இரு, வேலை கிடக்கிறது” என்று அதட்டினோம். மறுநாள் மனம் பொறுக்காமல் தேடிச் சென்றோம். கட்டில் அதற்குள் சட்டம் வேறு, கால் வேறாகப் பிரிக்கப்பட்டு விலையாகியிருந்தது.

புதிய வீட்டில் அவன் பல நாள் சுபுஹுக்கு எழவில்லை. தாயாரோ இரவில் எழுந்து, பழைய வீட்டில் கதவு இருந்த பக்கம் நடந்து சுவரில் மோதிக்கொண்டார்கள். அப்போதுதான் ஹஜ்ரத் அவர்களிடம் போனோம். அவர்கள் கேட்ட முதல் கேள்வி: “வீட்டுக்காரரிடம் தவணை கேட்டீர்களா?” நாங்கள் கேட்கவில்லை. பின்னொரு நாள் அந்த வீட்டுக்காரரைச் சந்தித்தபோது இதைச் சொன்னோம். “கேட்டிருந்தால் இன்னும் மூன்று மாதம் தந்திருப்பேனே” என்று அவர் வருந்தினார். அந்தச் சொல் இன்றும் எங்களை உறுத்துகிறது.

மார்க்கம் காட்டிய வழி

கணவனை இழந்த பெண்ணின் இத்தா நான்கு மாதம் பத்து நாட்கள் என்பது சூரத்துல் பகராவின் 234 ஆம் வசனத்தில் வந்திருப்பது யாவரும் அறிந்ததே. அந்தக் காலத்தை எங்கே கழிப்பது என்பதற்கு, அபூ ஸயீத் அல் குத்ரீ (ரலி) அவர்களின் சகோதரி ஃபுரைஆ (ரலி) அவர்களின் செய்தி ஆதாரமாக உள்ளது. கணவர் கொல்லப்பட்ட பின், தமக்கென்று சொந்த வீட்டை அவர் விட்டுச் செல்லவில்லை என்று சொல்லி, பிறந்த வீட்டாரிடம் போக அவர்கள் அனுமதி கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் முதலில் அனுமதித்து, பிறகு திரும்ப அழைத்து, தவணை முடியும்வரை அதே வீட்டில் தங்கும்படி கூறினார்கள். பின்னாளில் உஸ்மான் (ரலி) அவர்களும் இந்தச் செய்தியைக் கேட்டறிந்து அதன்படியே தீர்ப்பளித்தார்கள்.

அதே வேளையில், வீடு இடியும் அச்சம், திருடர் பயம், உரிமையாளர் வெளியேற்றுதல் போன்ற நிர்ப்பந்தம் வந்தால் வேறிடம் மாறி அங்கே இத்தாவைத் தொடரலாம் என்றும் ஃபிக்ஹு நூல்கள் இடம் தருகின்றன. எங்களுக்கு வந்தது நிர்ப்பந்தம் அன்று, கேட்கத் தயங்கியதுதான். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இங்குள்ள ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

கணவர் அல்லாத ஏனைய உறவினருக்காகப் பெண்கள் அலங்காரம் தவிர்த்துத் துக்கம் காக்கும் காலம் மூன்று நாட்கள் என்று ஹதீஸில் வந்துள்ளது. இது வெளித்தோற்றத்துக்கு வைத்த எல்லை. உள்ளத்தின் வருத்தம் மூன்றாம் நாள் மாலையில் அற்றுப்போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கதீஜா (ரலி) அவர்கள் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும், ஆடு அறுத்தால் அவர்களுடைய தோழியருக்கு இறைச்சி அனுப்பி வைத்தவர்கள் அல்லவா நம் நபி (ஸல்) அவர்கள்?

எட்டு வயதுச் சிறுவர்

பாட்டனாரை இழந்து வீடு மாறிய ஒரு பிள்ளையின் மனநிலையை அறிய நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நபி (ஸல்) அவர்களின் இளமையே அதுதான். பிறக்கும் முன்பே தந்தை இல்லை. ஆறு வயதில், மதீனாவிலிருந்து திரும்பும் வழியில், அப்வா என்னும் இடத்தில் தாயார் ஆமினா மறைந்தார்கள். பாட்டனார் அப்துல் முத்தலிப் பேரரைத் தம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். கஅபாவின் நிழலில் அவருக்காக விரிக்கப்பட்ட விரிப்பில் அவருடைய மைந்தர்களே அமரத் தயங்குவார்கள். பேரர் மட்டும் உரிமையோடு வந்து அமர்வார்கள். மற்றவர்கள் விலக்க முனைந்தால் பாட்டனார் தடுத்து, முதுகைத் தடவிக் கொடுப்பார் என்று சீறா நூல்கள் கூறுகின்றன.

எட்டு வயதில் அந்தப் பாட்டனாரும் மறைந்தார். கி.பி. 578 அளவில் நடந்தது இது. ஜனாஸாவின் பின்னால் அச்சிறுவர் அழுதுகொண்டே சென்றதைப் பார்த்ததாக உம்மு அய்மன் (ரலி) அவர்கள் பின்னர் நினைவுகூர்ந்துள்ளார்கள். அதன் பின் பெரிய தந்தை அபூதாலிப் அவர்களின் இல்லத்துக்கு மாற்றம். இரண்டே ஆண்டுகளில் இரண்டு மரணம், இரண்டு வீடு.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அப்வாவிலிருந்து மக்காவுக்கு அழைத்து வந்து, அதன் பின்னும் உடனிருந்து பராமரித்தவர்கள் அதே உம்மு அய்மன் (ரலி) அவர்கள்தாம். வீடு மாறியபோதும் பழகிய ஒரு முகம் மாறவில்லை. புதிய வீட்டில் ஃபாத்திமா பின்த் அஸத் (ரலி) அவர்கள் தாயைப் போல் பேணினார்கள். துக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குப் புதிய அறையும் புதிய மின்விசிறியும் ஆறுதல் ஆவதில்லை. பழகிய கை ஒன்று வேண்டும். பழகிய வழக்கம் ஒன்று வேண்டும்.

இதை அறிந்த பின் நாங்கள் செய்தது சிறிய காரியம். தந்தையார் செய்ததுபோல் மகனின் கையைப் பிடித்துச் சுபுஹுக்கு அழைத்துப் போகத் தொடங்கினோம். வெள்ளிக்கிழமைகளில் பழைய தெருவுக்குச் சென்று, தந்தையாரின் கூட்டாளிகளுக்கு அவனை ஸலாம் சொல்ல வைத்தோம். தந்தை நேசித்தவர்களோடு உறவு பேணுவது சிறந்த நன்மை என்பது நபிமொழியன்றோ? அவர்கள் ஆளுக்கொரு பழங்கதை சொன்னார்கள். பையன் மெல்லத் தேறினான்.

நம் முன்னோரின் அனுபவம்

வீடு மாறுவது நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் கடையநல்லூர், தென்காசி நெசவாளர் குடும்பங்கள் சிங்கப்பூர் சென்றன. பல ஊர்க்காரர்கள் ஆண்கள் மட்டும் கப்பலேறிய காலத்தில், இவர்கள் மனைவி மக்களோடு சென்று துறைமுகத்தை அடுத்த தஞ்சோங் பகார் பகுதியில் ஒன்றாகக் குடியேறினார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். 1941 இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. 1946 இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி எழுந்தது. பிற்காலத்தில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பிரிந்து சென்றபோதும் அந்தச் சங்கம் அவர்களை இணைத்தே வைத்தது. கூரை மாறினாலும் கூட்டம் கலையாமல் பார்த்துக்கொண்டார்கள். ஜமாஅத்து என்பதன் பொருளும் அதுதானே?

கவனிக்க வேண்டிய காகிதங்கள்

துக்க வீட்டில் சாமான் கட்டும்போது காகிதங்கள்தாம் முதலில் தொலைகின்றன. 1969 ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், பத்திரம் ஆகியவற்றைத் தனிப் பையில் இட்டு ஒருவர் பொறுப்பில் வையுங்கள். சொந்த வீட்டை விற்று மாறுவதாயிருந்தால், பிள்ளைகள் உள்ள விதவைத் தாய்க்கு எட்டில் ஒரு பங்கு இறைவன் விதித்த உரிமை என்பதை விலை பேசும் முன்பே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஜமாஅத்துக்கு எங்கள் வேண்டுகோள்

மூத்தா போரில் ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அவர் குடும்பத்தாருக்கு உணவு சமைத்து அனுப்பும்படி நபி (ஸல்) அவர்கள் மற்றவர்களைப் பணித்தார்கள். துக்கத்தில் மூழ்கியவரால் தம் காரியத்தைத் தாமே பார்க்க இயலாது என்பது இதில் நாம் பெறும் பாடம். அந்த அடிப்படையில் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று: ஒரு வீட்டில் மௌத்து நேர்ந்தால், அடக்கம் முடிந்த பின் நிர்வாகிகளில் ஒருவர், “வாடகை அல்லது ஒத்திக் கெடு ஏதேனும் நெருங்கியிருக்கிறதா?” என்று விசாரிக்க வேண்டும். இருந்தால் வீட்டு உரிமையாளரிடம் ஜமாஅத்தே தவணை கேட்க வேண்டும். குடும்பத்தார் கேட்கக் கூசுவார்கள். ஜமாஅத்து கேட்டால் மறுப்பவர் அரிது.

இரண்டு: வீடு வாடகைக்கு விட்டிருக்கும் அன்பர்கள், இத்தாவில் ஒரு தாய் இருக்கும் வீட்டைத் தவணை முடியும்வரை காலி செய்யச் சொல்வதில்லை என்று இன்று நிய்யத்து வைக்க வேண்டும்.

மூன்று: மாறியே தீர வேண்டிய குடும்பத்துக்கு, சாமான் தூக்க நான்கு இளைஞர்களும், அன்றைய சாப்பாடும் ஜமாஅத்து தர வேண்டும். புதிய தெருவில் உள்ள ஒரு குடும்பத்தார் அந்த இரவு அவர்களோடு இருக்க வேண்டும்.

எங்கள் தாயார் இன்று நலமாக இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். இவ்வுரை ஆற்ற அவர்களிடம் அனுமதி கேட்டோம். இம்முறை மறக்காமல் கேட்டோம். “சொல்லுங்கள், இன்னொருத்திக்கு உதவட்டும்” என்றார்கள்.

வல்ல அல்லாஹ் நம் மறைந்த பெரியோர்களின் கப்றுகளை விசாலமாக்குவானாக! அவர்களை இழந்த இல்லங்களில் பொறுமையையும், நம் உள்ளங்களில் அண்டையார்மீது அக்கறையையும் தந்தருள்வானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன். வஸ்ஸலாம்.