வயசாயிடுச்சு என்று விட்டுவிட வேண்டாம்



சடையங்குப்பத்தில் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்துபோன வருடங்களில் நாம் அரிசி கொடுத்திருக்கிறோம், பாய், போர்வை கொடுத்திருக்கிறோம். தண்ணீர் வடிந்து ஆறு மாதமான பிறகும், மேகம் கறுத்தால் கட்டிலை விட்டு இறங்காத பெரியவர்களை யாரும் கணக்கெடுக்கவில்லை. நாமும் எடுக்கவில்லை. அதனால்தான் இன்று இந்தப் பேச்சு.

ஒரு வீட்டு விஷயத்தைச் சொல்கிறோம், பேர் வேண்டாம். கணவர் மவுத்தாகி, நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்த ஒரு நன்னி. இத்தா முடிந்தும் அவர் அந்த அறையை விட்டு வரவே இல்லை. சாப்பாடு பாதியானது. ராத்திரி இரண்டு மணிக்கே விழித்துக்கொள்வார். கேட்டால் "முட்டி வலிக்குது, நெஞ்சு படபடங்குது" என்பார். மனசு சரியில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. இ.சி.ஜி. எடுத்தார்கள், சரியாக இருந்தது. "அல்லாஹ் என்னை எடுத்துக்கிட்டா போதும்" என்று அடிக்கடி சொன்னதை, வயதானவர்கள் வழக்கமாகப் பேசுவதுதானே என்று பிள்ளைகள் விட்டுவிட்டார்கள். ஒன்றரை வருடம் ஓடிவிட்டது.

கடைசியில் பேத்திதான் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். மனச்சோர்வு நோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். இவர் நிறுத்தவில்லை. இப்போது வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுப் பேசுகிறார். கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறார் என்பது மருமகளின் புகார்!

மவுத்தை நினைப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் ஒட்டாமல் இருக்கிறவர் அப்படிச் சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

மறதியையும் சொல்ல வேண்டும். தொழுகையில் ரக்அத் எண்ணிக்கை எப்போதாவது தவறுவது எல்லோருக்கும் உண்டு. பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது அப்படியல்ல. தைராய்டு, பி12 குறைவால்கூட மறதி வரும். அது மருந்தில் சரியாகக்கூடியது. நேற்றுவரை தெளிவாக இருந்த அத்தா திடீரென்று ஆள் தெரியாமல் பேசினால், காற்று கருப்பு என்று ஓதிப் பார்க்கக் கிளம்பிவிடுகிறோம். சிறுநீரில் கிருமி, உடம்பில் உப்புச்சத்து குறைவது, சர்க்கரை இறங்குவது எல்லாம் வயதானவர்களை இப்படிப் பேச வைக்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆட்டோவில் போகும்போதே துஆ செய்யுங்கள்.

ஏர்வாடியை நாம் மறக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்ட குடும்பங்களைப் பாசமில்லாதவர்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். எங்கே போவது என்று தெரியாமலும், வெளியே சொல்ல வெட்கப்பட்டும் எத்தனை குடும்பங்கள் அங்கே போயிருக்கும்! பின்னாளில் அதே ஏர்வாடியில், தர்காவுக்கு வருகிறவர்களுக்கு மனநல மருத்துவமும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. துஆவும் தவாவும் ஒரே இடத்தில். நம் வீடுகளில் சங்கிலி இல்லைதான். விருந்தாளி வந்தால் பெரியவர் இருக்கும் அறைக் கதவைச் சாத்துகிறோமே, அது எதற்கு?

14416 என்ற எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். டெலி மானஸ் என்று பெயர். 2022 அக்டோபரில் அரசு தொடங்கியது. ராத்திரி பகல் எப்போதும் பேசலாம், தமிழில் பேசலாம், காசு கிடையாது. முதியோர் உதவிக்கு 14567 இருக்கிறது. காது மந்தமான பெரியவர் என்றால் பக்கத்தில் இருந்து நீங்களே விவரம் சொல்லுங்கள்.

ஸ்டான்லிக்குத் துணைக்கு ஆள் இல்லாதவர்கள் ஜும்ஆ முடிந்ததும் நம் டிரஸ்ட் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். கூடவே வருவார்கள். பேர் வெளியே போகாது.