ரேடார் உணரியின் உறை: நனைந்த முகப்பின் கணக்கு



பின்னோக்கி நகரும் பொக்லைனும் டிப்பரும் தம் வழியில் நிற்கும் ஆளைக் கண்டு எச்சரிக்க ரேடார் உணரி பொருத்துகிறோம். அதை எந்தப் பெட்டிக்குள் வைப்பது என்ற கேள்வியோ எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் எழுகிறது. கொள்முதல் பட்டியலின் கடைசி வரியில் 'ஏபிஎஸ் பெட்டி, ஐபி67' என்று எழுதினால் தீர்ந்தது. அந்தப் பெட்டியின் முகப்பு ஆண்டெனாவின் ஓர் உறுப்பு; அலைநீளத்தையும் இந்த ஊர் மழையையும் பார்த்தே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் வாதம்.

இந்த வாதத்தின் வேர் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1890களில் கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 5 மில்லிமீட்டர் வரையிலான அலைகளை உண்டாக்கி, கந்தகமும் கண்ணாடியும் அவற்றை எவ்வளவு வளைக்கின்றன என்று அளந்தார். 5 மி.மீ. என்பது இன்றைய கணக்கில் 60 கிகாஹெர்ட்ஸ். அதே அளவீடுதான் நமக்கும் தேவை. முகப்புக்கான பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கின் மின்காப்பு எண் ஏறத்தாழ 2.8. அதற்குள் அலை சுருங்கும். சுவரின் கனம் அந்தச் சுருங்கிய அலையில் பாதியாக இருந்தால், முன்பக்கமும் பின்பக்கமும் எதிரொலிப்பவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இந்த உணரிகள் இயங்கும் 24 கிகாஹெர்ட்ஸுக்கு அந்தக் கனம் சுமார் 3.7 மி.மீ.; 77 கிகாஹெர்ட்ஸுக்கு சுமார் 1.2 மி.மீ. பின்னதில் 1.75 மி.மீ. வைத்தால், ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் திரும்பி வந்து உணரியின் கண்ணையே மறைக்கும். கடையில் வாங்கும் 2 மி.மீ. பெட்டியும் அந்த மோசமான எல்லையை ஒட்டியதே. கரிப்பொடி கலந்த கறுப்பு நிறமும் உலோகத் துகள் வண்ணப்பூச்சும் சேர்ந்தால் இழப்பு இன்னும் கூடும்.

திரிசூலம், பல்லாவரம் குன்றுகளின் சார்னோகைட் பாறையை உடைத்த மண்ணில் நிற்கிறோம். கல் தெறிக்கும் இடத்தில் பிளாஸ்டிக் தாங்குமா, உலோகப் பெட்டிதானே வேண்டும் என்பார்கள். நியாயமான கேள்வி. பின்பக்கமும் பக்கச் சுவர்களும் உலோகமாக இருக்கட்டும், வெப்பமும் அதன் வழியே வெளியேறும். முகப்பு மட்டும் உலோகமாகக் கூடாது, ஏனெனில் உலோகத்தை அலை ஊடுருவாது. அடி பலமாக விழும் இயந்திரத்தில் 24 கிகாஹெர்ட்ஸ் உணரியைத் தேர்ந்தால் கனமான முகப்பே சரியான முகப்பாகிவிடும். நுண்ணிய பிரிதிறன் குறையும். இரும்புக் கை ஆடும் இடத்தில் அந்த விலை கொடுக்கலாம்.

ஐபி67 இருக்கிறதே என்பது அடுத்த வாதம். ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் பாதிக்கும் அளவுக்கு நீர் உள்ளே புகாது என்பதே அதன் பொருள். 2015 டிசம்பரில் முடிச்சூரில் வெள்ளம் நாள்கணக்கில் நின்றதை இந்த வட்டாரத்தார் அறிவார்கள். அதைவிட முக்கியம், முகப்பின் மேல் ஒட்டும் நீர் என்ன செய்யும் என்பதைப் பற்றி அந்த எண் ஒரு சொல்லும் சொல்வதில்லை. பள்ளிக்கரணையில் உள்ள எக்ஸ் பட்டை வானிலை ரேடாரின் அலை சுமார் 3 சென்டிமீட்டர். அத்தகைய ரேடார்களுக்கே ஆண்டெனாவை மூடிய கூண்டு நனைவதால் வரும் இழப்பைக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. நம் 77 கிகாஹெர்ட்ஸ் உணரியின் அலையோ சுமார் 4 மி.மீ. மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கு கனமுள்ள நீர்ப்படலமே அதைக் கடுமையாக நலிவாக்கும். ஒருவழியில் ஆற்றல் பாதியாகப் போனால், போய்வரும்போது கால்பங்கே மிஞ்சும். ரேடாரின் நான்காம் மடி விதிப்படி 30 மீட்டரில் காணவேண்டிய ஆளை 21 மீட்டரில்தான் காண முடியும்.

மென்பொருளில் பெருக்கத்தைக் கூட்டிச் சரிசெய்யலாம் என்பவர்களுக்கும் பதில் உண்டு. பெருக்கினால் இரைச்சலும் முகப்பின் எதிரொலியும் சேர்ந்தே பெருகும்; தொலைந்த குறிப்பலை மீளாது. நீர் தேங்காதபடி முகப்பைச் செங்குத்தாகவோ சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்தோ வைப்பதும், நீர் ஒட்டாத மேற்பரப்பும் இதைவிட மலிவான வழிகள். மூச்சுவிடும் சவ்வு ஒன்றும் வேண்டும். மே வெயிலில் சூடேறிய பெட்டி திடீர் மழையில் குளிரும்போது கேஸ்கெட் வழியாக ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் முகப்பின் உட்புறத்தில் படியும்.

ஆகவே இங்கே கட்டுரை வாசிக்கவிருக்கும் அன்பர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கண்டறியும் தொலைவு என்று ஓர் எண்ணைச் சொல்லும்போது, உலர்ந்த முகப்பில் எவ்வளவு, நனைந்த முகப்பில் எவ்வளவு, சேறு படிந்ததில் எவ்வளவு என்று மூன்றையும் சொல்லுங்கள். முதல் எண்ணை மட்டும் சொல்பவரிடம் மற்ற இரண்டையும் கேட்கும் உரிமை அவைக்கு உண்டு.