லோரிச் சக்கரத்தில் பேரிங் முறுக்குதல்

பெரட்டு முடிந்து நாம் ஏறிச் செல்லும் லோரியின் முன்சக்கரம் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

புது உருளைப் பேரிங் போட்டதும் பலங்கொண்ட மட்டும் நட்டை முறுக்குகிறார்கள். அது தவறு. கிரீஸ் எரிந்து பேரிங் பிடித்துக்கொள்ளும். தளர விட்டாலோ சக்கரம் ஆடும்.

சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே முறுக்குங்கள். உருளைகள் படிந்து உட்காரும். பிறகு நட்டைத் தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்குங்கள். துளை ஒத்து வராவிட்டால் சற்றே பின்னுக்குத் திருப்புங்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் 1 முதல் 5 பங்கு ஆட்டம் பெரும்பாலும் போதும்; வண்டிக்குரிய கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே முடிவு. கிராணிமார் படித்துச் சொல்லலாம்.

காட்டர் பின் புதிதாகவே இருக்கட்டும். சில காசு மிச்சம் பிடிக்கும் இடமா அது?

சிறிது தூரம் ஓடியதும் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடா? லோரி நிற்கட்டும், நிரைக்கு நடந்தே போவோம்.